மூட்டு வலிக்கிறது... நோய் மூட்டில்தானா?

எந்த வீட்டை எடுத்துக்கொண்டாலும் மூட்டுவலிக்காரர் ஒருவராவது இருப்பார். மாடிப்படி ஏறும்போது முழங்காலைப் பிடித்துக்கொள்ளும் அம்மா, காலையில் விரல்களை மடக்க முடியாமல் வெந்நீரில் கை வைக்கும் அத்தை, சிக்குன்குனியா வந்துபோய் மாதங்கள் ஆகியும் கணுக்கால் வீக்கம் வடியாத பக்கத்து வீட்டு அண்ணன்... தைலம், ஒத்தடம், மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் 'செட்' மாத்திரை என்று ஆளுக்கொரு வைத்தியம் ஓடிக்கொண்டிருக்கும்.

இந்த வலிகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் எலும்புத் தேய்மானம், முடக்குவாதம், யூரிக் அமிலம், வைரஸ் காய்ச்சலின் மிச்சம் போன்றவைதான். புற்றுநோய்க்கும் இவற்றுக்கும் சம்பந்தம் இல்லை. இதை முதலில் மனதில் வைத்துக்கொண்டு மேற்கொண்டு படியுங்கள்.

மிகச் சிலருக்கு மட்டும் கதை வேறு. வலிப்பது மூட்டாக இருக்கும். நோய் இருப்பது நுரையீரலிலோ, வயிற்றிலோ, சினைப்பையிலோ, ரத்தம் உற்பத்தியாகும் எலும்பு மஜ்ஜையிலோ இருக்கும். இருமல், கட்டி, ரத்தப்போக்கு என்று எதுவும் தெரிவதற்குச் சில மாதங்கள் முன்பே மூட்டும் தசையும் தோலும் குரல் கொடுத்துவிடும். அதைக் காதில் வாங்கினால், நோயை ஆரம்பத்திலேயே பிடிக்க வாய்ப்பு உண்டு. மாத்திரை போட்டு அடக்கிக்கொண்டே இருந்தால், அந்த மாதங்கள் கையை விட்டுப் போய்விடும்.

எந்த வலி 'வழக்கமான' வலி இல்லை? அதை எப்படித் தெரிந்துகொள்வது? இந்த வாரம் பார்க்கலாம்.

எங்கோ இருக்கும் கட்டி, எப்படி மூட்டை வலிக்க வைக்கிறது?

இதற்கு மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி நேரடியானது. ரத்தப் புற்றுநோய் எலும்பு மஜ்ஜையிலேயே வளர்கிறது. மார்பகம், புராஸ்டேட், நுரையீரல், தைராய்டு, சிறுநீரகம் ஆகியவற்றில் வரும் புற்றுநோய்கள் எலும்புக்குப் பரவக்கூடியவை. எலும்பு வலியைப் பலரும் மூட்டுவலி என்றே சொல்வார்கள்.

இரண்டாவது வழிதான் விசித்திரமானது. கட்டி ஓர் இடத்தில் இருக்கும். மூட்டுக்கு அது பரவியே இருக்காது. ஆனால், கட்டி சுரக்கும் ரசாயனங்கள் ரத்தத்தில் கலந்து, தொலைவில் உள்ள எலும்பையும் தோலையும் மாற்றிவிடும். அல்லது, கட்டியை எதிர்க்கக் கிளம்பும் நம் உடலின் நோய் எதிர்ப்பு சக்தி, கட்டியில் உள்ள புரதத்தைப் போலவே இருக்கும் தசையையும் மூட்டையும் சேர்த்துத் தாக்கிவிடும். மருத்துவர்கள் இதைப் 'பாரானியோபிளாஸ்டிக்' பாதிப்பு என்கிறார்கள். கட்டியின் நிழல் என்று புரிந்துகொள்ளலாம்.

மூன்றாவது, புற்றுநோய்க்கு எடுத்துக்கொள்ளும் சிகிச்சையால் வரும் மூட்டுவலி. இதைக் கடைசியில் பார்க்கலாம்.

நகத்தைப் பாருங்கள்!

ஓர் உதாரணம். 58 வயதுக்காரர், டீக்கடை வைத்திருக்கிறார். மூன்று மாதமாக இரண்டு கணுக்காலும் மணிக்கட்டும் வீங்கி வலிக்கின்றன. முன்காலில், முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பை அழுத்தினால் உயிர் போகிறது. வலி மாத்திரை போட்டால் நான்கு மணி நேரம் தாங்கும். இப்படிப்பட்ட ஒருவர் வந்து உட்கார்ந்தால், அனுபவமுள்ள மருத்துவர் முழங்காலைத் தொடுவதற்கு முன் கையைப் பார்ப்பார்.

"விரலை நீட்டுங்கய்யா... நகம் எப்பவும் இப்படித்தான் வளைஞ்சு இருக்குமா?"

"இல்ல சார், இப்ப கொஞ்ச நாளாத்தான் விரல் நுனி தடிச்ச மாதிரி இருக்கு."

"பீடி, சிகரெட் பழக்கம் உண்டா?"

"முப்பது வருஷமா உண்டு. மூட்டு வலிக்கும் அதுக்கும் என்ன சார் சம்பந்தம்?"

சம்பந்தம் இருக்கிறது. விரல் நுனி மேளக்குச்சியின் முனை போலத் தடித்து, நகம் கிளி மூக்குபோல் வளைவதை சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்க மருத்துவர் ஹிப்போகிராட்டிஸ் குறித்து வைத்திருக்கிறார். நெஞ்சுக்குள் சீழ் கட்டிய நோயாளிகளிடம் அவர் இதைக் கவனித்தார். 1889-ல் ஆஸ்திரியாவின் பாம்பெர்கரும், 1890-ல் பிரான்ஸின் பியர் மரியும், நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு இந்த விரல் மாற்றத்தோடு எலும்பும் மூட்டும் வீங்கி வலிப்பதை விவரித்தார்கள். 'ஹைபர்டிராபிக் ஆஸ்டியோஆர்த்ரோபதி' என்பது இதன் பெயர். பெயர் கிடக்கட்டும், இன்று பெரியவர்களுக்குப் புதிதாக இது வந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது நுரையீரல் புற்றுநோயைத்தான்.

நடப்பது இதுதான். எலும்பைச் சுற்றி ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. புதிய ரத்தக் குழாய்களை வளரத் தூண்டும் புரதங்கள் ரத்தத்தில் அதிகமாகும்போது இந்தச் சவ்வு தடித்து, எலும்பின் மேல் புதிதாக இன்னொரு அடுக்கு எலும்பை உருவாக்குகிறது. மணிக்கட்டையும் முன்காலையும் எக்ஸ்ரே எடுத்தால், பழைய சுவரின் மேல் புதிதாகப் பூசிய சிமென்ட் மாதிரி அந்த அடுக்கு தெரியும். நெஞ்சை எக்ஸ்ரே எடுத்தால் காரணம் தெரிய வாய்ப்பு உண்டு. நுரையீரல் கட்டியை அகற்றிய பிறகு, எத்தனையோ மாத்திரைக்கு மசியாத அந்த மூட்டுவலி வேகமாகக் குறைந்துவிடுவதும் உண்டு. மூட்டில் கை வைக்காமலே மூட்டு சரியாகிறது!

வீட்டிலேயே ஒரு சோதனை

இரண்டு கைகளின் ஆள்காட்டி விரல்களையும் மடக்கி, நகங்களின் முதுகு ஒன்றோடொன்று ஒட்டும்படி வையுங்கள். நகம் தொடங்கும் இடத்தில், இரண்டு விரல்களுக்கும் நடுவே வைர வடிவில் சின்னதாக ஓர் இடைவெளி தெரிய வேண்டும். அதன் வழியாக வெளிச்சம் தெரிந்தால் பிரச்னை இல்லை. இடைவெளியே இல்லாமல் மூடிக்கொண்டிருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இதைக் கண்டறிந்தவர் தென்னாப்பிரிக்காவின் இதயநோய் மருத்துவர் லியோ ஷாம்ரோத். இதய வால்வில் கிருமித்தொற்று வந்து படுத்திருந்தபோது தன் விரல்களே மாறுவதைக் கவனித்து, 1976-ல் எழுதினார்.

அவருக்கு வந்தது புற்றுநோய் அல்ல என்பதையும் கவனியுங்கள். நீண்டகால நுரையீரல் தொற்று, பிறவி இதயக் கோளாறு, கல்லீரல் நோய், குடல் அழற்சி ஆகியவற்றாலும் விரல் நுனி இப்படித் தடிக்கலாம். சில குடும்பங்களில் பரம்பரையாகவே இருக்கும். சின்ன வயதிலிருந்து அப்படித்தான் என்றால் கவலை வேண்டாம். புதிதாக வந்திருக்கிறது, கூடவே மூட்டும் முன்காலும் வலிக்கின்றன என்றால்தான் தாமதிக்கக் கூடாது.

தரையிலிருந்து எழ முடியவில்லையா?

அடுத்தது தசையும் தோலும். ஐம்பதைக் கடந்த ஒரு பெண். சில வாரங்களாகத் தரையில் உட்கார்ந்தால், கையை ஊன்றாமல் எழ முடியவில்லை. தலை வாரக் கை தூக்கினால் பாதியில் இறங்கிவிடுகிறது. கொடியில் துணி காயப்போட, அலமாரியின் மேல் தட்டிலிருந்து டப்பா எடுக்கத் திணறுகிறார். "வயசாகுதுல்ல, சத்து இல்லை" என்று வீட்டில் சொல்வார்கள். டானிக் வரும், வைட்டமின் மாத்திரை வரும்.

அவருடைய முகத்தையும் கையையும் யாராவது உற்றுப் பார்த்தால், வேறு சில விஷயங்கள் தென்படலாம். மேல் இமைகளில் ஊதா கலந்த சிவப்பு நிறமும் வீக்கமும். விரல் கணுக்களின் மேல் செதில் செதிலாகத் தடித்த திட்டுகள். கழுத்து, மேல் மார்பு, தோளில் சால்வை போர்த்திய இடத்தில் படர்ந்த நிறமாற்றம். நம் மாநிறத் தோலில் சிவப்பு பளிச்சென்று தெரியாது. கருமையாகவோ கத்தரிப்பூ நிறமாகவோ தெரியும். அதனாலேயே 'மங்கு', 'அலர்ஜி' என்று களிம்பு தடவிக்கொண்டு நாள் போய்விடும்.

தோல் மாற்றமும், தோள், தொடைத் தசைகளின் பலவீனமும் சேர்ந்து வரும் இந்த நோய்க்கு 'டெர்மட்டோமயோசைட்டிஸ்' என்று பெயர். பலருக்கு மூட்டுவலியும் உண்டு. குழந்தைகளுக்கும் இது வரும். அவர்களுக்கு வரும்போது புற்றுநோய்த் தொடர்பு மிக அரிது. பெரியவர்கள் விஷயம் வேறு. ஸ்வீடன், டென்மார்க், ஃபின்லாந்து ஆகிய மூன்று நாடுகளின் பதிவேடுகளை ஒன்றுசேர்த்து ஆராய்ந்து, 2001-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வெளியானது. டெர்மட்டோமயோசைட்டிஸ் வந்த 618 பேரில் 198 பேருக்குப் புற்றுநோய் இருந்தது. அதாவது, ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு. அந்த 198 பேரில் 115 பேருக்கு, தசைநோய் கண்டறியப்பட்ட பிறகுதான் புற்றுநோய் தெரியவந்தது.

இந்தக் கடைசி எண்தான் முக்கியம். தசைநோய் முன்னால் வந்து நின்று தகவல் சொன்னது என்றே அதற்குப் பொருள். சினைப்பை, நுரையீரல், கணையம், வயிறு, பெருங்குடல், நிணநீர் மண்டலம் ஆகிய இடங்களின் புற்றுநோய்கள் அந்த ஆய்வில் அதிகம் தென்பட்டன. ஆபத்து அதிகமாக இருப்பது முதல் ஓராண்டில்; மூன்று ஆண்டுகள் வரையாவது கவனம் தேவை.

ஆகவே, இந்த நோய் என்று தெரிந்தவுடன் இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். ஒன்று, தசையைக் காப்பாற்றும் சிகிச்சை. இதற்கு ஸ்டீராய்டு பெரும்பாலும் அவசியம். பயந்து நிறுத்தக் கூடாது. மற்றொன்று, உள்ளே கட்டி இருக்கிறதா என்ற தேடல். யாருக்கு எவ்வளவு ஆழமாகத் தேட வேண்டும் என்பதை முடிவுசெய்ய, இப்போது ரத்தத்தில் சில குறிப்பிட்ட எதிர்ப்புப் புரதங்களைச் சோதிக்கும் வசதியும் இருக்கிறது. முதல் ஸ்கேனில் எதுவும் இல்லை என்றாலும், மருத்துவர் சொன்ன தேதியில் மறுபடியும் போக வேண்டும். 'அதான் ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாங்களே' என்று விட்டுவிடுவதுதான் பலர் சறுக்கும் இடம்.

உள்ளங்கை கட்டையாகிறதா?

இன்னும் இரண்டு அறிகுறிகள் உண்டு. அரிதானவை, ஆனால், கண்ணில் பட்டால் மறக்க முடியாதவை.

ஒன்று, இரண்டு உள்ளங்கைகளின் தோலுக்கு அடியில் உள்ள இணைப்புத் திசு திடீரென்று தடித்து இறுகுவது. சில வாரங்களில் உள்ளங்கை மரக்கட்டை போலாகி, விரல்கள் மடங்கி, நீட்ட முடியாமல் போகும். கூடவே தோள், மணிக்கட்டு என்று பல மூட்டுகள் வலிக்கும். மாதவிடாய் நின்ற பெண்களுக்குச் சினைப்பைப் புற்றுநோயோடு சேர்ந்து இது வருவதை அமெரிக்க மருத்துவர்கள் 1982-ல் விவரித்தார்கள். சினைப்பைப் புற்றுநோய் சத்தமில்லாமல் வளரக்கூடியது. வயிறு உப்பிசம், சீக்கிரமே வயிறு நிறைந்த உணர்வு என்று மட்டுமே காட்டும். அதனால், கை தரும் இந்தத் தகவல் விலைமதிப்பற்றது. சர்க்கரை நோயாளிகளுக்கும் விரல் மடங்கி இறுகுவது உண்டு. ஆனால், அது ஆண்டுக்கணக்கில் மெதுவாக வரும். இது வாரக்கணக்கில் வரும்.

இரண்டாவது, அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு ஒரே நாளில், ஒரே வாரத்தில் இரண்டு புறங்கைகளும் பாக்ஸிங் கையுறை மாட்டியது போல வீங்குவது. விரலால் அழுத்தினால் குழி விழும். பெரும்பாலானவர்களுக்கு இது குறைந்த அளவு ஸ்டீராய்டிலேயே நன்றாகக் குணமாகிவிடும். மருந்துக்கு மசியாமல் அடம்பிடித்தால், எடையும் குறைந்தால், காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும்.

முடக்குவாதம் போலவே வேஷம்

முடக்குவாதம் பொதுவாக மெல்ல மெல்லத் தொடங்கும். இரண்டு கைகளின் சின்ன மூட்டுகளையும் சமமாகப் பிடிக்கும். புற்றுநோயின் நிழலாக வரும் மூட்டு அழற்சி, பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு, திடீரென்று, ஒரு முழங்கால், ஒரு கணுக்கால் என்று கால்களில் ஏறுமாறாக வரும். ஆனால், சில நேரம் அசல் முடக்குவாதம் போலவே வேஷம் போட்டுக்கொண்டும் வரும்.

இங்கே ஒரு விஷயம். 'ஆர்.ஏ. ஃபேக்டர்' என்ற ரத்தப் பரிசோதனையைப் பலரும் இறுதித் தீர்ப்பாக நினைக்கிறார்கள். அது அப்படி இல்லை. வயதானவர்கள் சிலருக்கு நோயே இல்லாமலும், சில புற்றுநோய்களிலும்கூட அது 'பாசிட்டிவ்' என்று வரலாம். ஒரு காகிதத்தை மட்டும் பார்த்து முடக்குவாதம் என்று முத்திரை குத்தி, ஆண்டுக்கணக்கில் ஒரே மருந்தை வாங்கிச் சாப்பிடுவது ஆபத்து. முறையான மருந்துகளைச் சில மாதங்கள் ஒழுங்காக எடுத்தும் பலன் இல்லை என்றால், "நோய் இதுதானா என்று இன்னொரு முறை பாருங்கள் டாக்டர்" என்று தயங்காமல் கேளுங்கள். நல்ல மருத்துவர் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

குழந்தை கால் வலிக்கிறது என்றால்...

பெற்றோரும் தாத்தா பாட்டிகளும் இந்தப் பகுதியைக் கட்டாயம் படியுங்கள்.

ஓடியாடும் குழந்தைகளுக்குக் கால் வலிப்பது சகஜம். மாலையிலோ இரவிலோ இரண்டு காலும் வலிக்கும். அம்மா பிடித்துவிட்டால் தூங்கிவிடும். காலையில் எழுந்து, ஒன்றுமே நடக்காததுபோலப் பள்ளிக்கு ஓடும். வீக்கம் இருக்காது, நொண்டாது. 'வளர்ச்சி வலி' என்று சொல்லப்படும் இது பயப்படத் தேவையில்லாதது.

குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோயும் சில நேரம் இப்படிக் கால் வலியாகவே தொடங்குகிறது. மஜ்ஜைக்குள் புற்று அணுக்கள் நெருக்கியடித்துப் பெருகும்போது எலும்பு உள்ளிருந்து அழுத்தப்படுகிறது. அந்த வலி, பார்க்கும் வீக்கத்தைவிடப் பல மடங்கு அதிகமாக இருக்கும். நடு இரவில் அலறி எழ வைக்கும். காலையில் நொண்டும், நடந்துகொண்டிருந்த குழந்தை 'தூக்கு' என்று கை நீட்டும். கூடவே விட்டு விட்டுக் காய்ச்சல், முகம் வெளிறுதல், அடிபடாமலே உடலில் கன்றிய தடங்கள், பல் தேய்த்தால் ஈறில் ரத்தம், கழுத்திலோ அக்குளிலோ நெறிகட்டு, எடை குறைவு ஆகியவற்றில் சில இருக்கலாம்.

சிக்கல் என்னவென்றால், ஆரம்பத்தில் ரத்த எண்ணிக்கைகள் ஏறக்குறைய சரியாகவே இருந்துவிடலாம். மூட்டு வீக்கத்தைப் பார்த்து, 'குழந்தைகளுக்கு வரும் மூட்டு அழற்சி' என்று நினைத்துவிடவும் வாய்ப்பு உண்டு. அப்போது ஸ்டீராய்டு கொடுத்தால் என்ன ஆகும்? வலி மாயமாக மறையும். காய்ச்சல் விடும். குழந்தை விளையாடும். வீடே நிம்மதி அடையும்.

ஆனால், ஸ்டீராய்டு ரத்தப் புற்றுநோய்க்கும் ஒரு மருந்து. தனியாகக் கொஞ்ச நாள் கொடுத்தால், புற்று அணுக்களைத் தற்காலிகமாகக் குறைத்து, நோயை ஒளித்து வைத்துவிடும். சில வாரங்களில் அது திரும்பி வரும்போது, கண்டுபிடிப்பதும் கடினமாகலாம். எவ்வளவு தீவிரமான நோய், எந்தச் சிகிச்சை என்று கணக்கிடுவதும் குழம்பலாம். அதனால்தான், குழந்தையின் மூட்டுவலியில் சிறு சந்தேகம் இருந்தாலும் ஸ்டீராய்டு தொடங்கும் முன் ரத்தத்தை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். தேவைப்பட்டால் மஜ்ஜைப் பரிசோதனையும் செய்ய வேண்டும் என்று குழந்தைநல நிபுணர்கள் வலியுறுத்துகிறார்கள்.

மருந்துக்கடையில் தெரிந்தவர் கொடுக்கும் சின்ன வெள்ளை மாத்திரையும், என்ன கலந்தது என்று தெரியாத பொட்டலப் பொடியும் குழந்தைக்கு வேண்டவே வேண்டாம். இன்று சரியான சிகிச்சை கிடைத்தால் ரத்தப் புற்றுநோய் வந்த பெரும்பாலான குழந்தைகள் குணமாகிறார்கள். அந்த வாய்ப்பைக் குழந்தைக்கு முழுசாகக் கொடுக்க வேண்டும்.

அடங்காத முதுகுவலி

அறுபதை ஒட்டியவர்களின் முதுகுவலிக்கும் ஒரு குறிப்பு. 'மல்டிபிள் மயலோமா' என்பது மஜ்ஜையில் உள்ள ஒருவகை வெள்ளை அணுக்களின் புற்றுநோய். எலும்பை ஆங்காங்கே அரித்து ஓட்டை போடும். முதுகு, விலா எலும்பு வலி, காரணம் தெரியாத ரத்தசோகை, அதீதச் சோர்வு, அடிக்கடி தொற்று, சிறுநீரகப் பாதிப்பு ஆகியவை சேர்ந்து வரும்.

இதைத் தேய்மானம் என்று நினைத்து வலி மாத்திரைகளை விழுங்கிக்கொண்டே இருந்தால் இரட்டை நஷ்டம். நோயும் வளரும், ஏற்கெனவே திணறும் சிறுநீரகத்தை அந்த மாத்திரைகள் மேலும் கெடுக்கும். வாரக்கணக்கில் விடாத முதுகுவலியோடு ரத்தசோகையும் இருந்தால், ரத்தத்தில் கிரியாட்டினின், கால்சியம், புரதங்களைப் பிரித்துப் பார்க்கும் எலெக்ட்ரோஃபோரெசிஸ் ஆகிய பரிசோதனைகள் வழியைக் காட்டிவிடும்.

சிகிச்சையில் இருப்பவர்களுக்கு...

புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்களுக்குப் புதிதாக மூட்டு வலித்தால், 'திரும்ப வந்துடுச்சோ' என்று மனம் பதறும். பல நேரங்களில் காரணம் மருந்தாக இருக்கும்.

மார்பகப் புற்றுநோய்க்குப் பிறகு ஆண்டுக்கணக்கில் சாப்பிடும் லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் மாத்திரைகள் ஈஸ்ட்ரோஜனைக் குறைப்பவை. காலையில் கை விறைப்பு, முழங்கால் வலி ஆகியவை இவற்றின் பரவலான பக்கவிளைவுகள். வலி தாங்காமல் பலர் யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். அது நோய் திரும்புவதற்குக் கதவைத் திறந்துவிடுவதற்குச் சமம். தினசரி நடை, உடற்பயிற்சி, தேவைப்பட்டால் வேறு மாத்திரைக்கு மாற்றுவது என்று வழிகள் இருக்கின்றன. மருத்துவரிடம் சொல்லுங்கள். எதிர்ப்பு சக்தியைத் தூண்டிவிடும் புதிய இம்யூனோதெரபி ஊசிகளாலும் மூட்டு அழற்சி வரலாம். அதற்கும் சிகிச்சை உண்டு.

அதேநேரம், ஒரே இடத்தில் நிலையாக இருந்து, படுத்தாலும் விடாத, நாளுக்கு நாள் கூடும் எலும்பு வலி என்றால், மருந்தின் மேல் பழியைப் போடாமல் உடனே காட்டுங்கள்.

எப்போது கேள்வி கேட்க வேண்டும்?

மூட்டுவலியோடு கீழே உள்ளவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலும், மருந்துக்கடையைத் தாண்டி மருத்துவரிடம் போக வேண்டும்.

• 50 வயதுக்கு மேல், முன்பு இல்லாத மூட்டு வீக்கம் திடீரென்று வருவது.

• முயற்சி செய்யாமலே எடை குறைவது, பசி போவது, இரவில் உடை நனையும் அளவுக்கு வியர்ப்பது, விடாத காய்ச்சல்.

• புதிதாக விரல் நுனி தடிப்பது. முன்கால் எலும்பை அழுத்தினால் வலிப்பது.

• இமையிலோ விரல் கணுவிலோ நிற மாற்றம்; கையைத் தூக்க, தரையிலிருந்து எழ முடியாத பலவீனம்.

• வாரக்கணக்கில் உள்ளங்கை இறுகி, விரல்கள் மடங்குவது.

• ஓய்விலும் இரவிலும் கூடும் எலும்பு வலி.

• முறையான சிகிச்சை எடுத்தும் பலன் இல்லாதது.

• குழந்தை நொண்டுவது, நடக்க மறுப்பது, வெளிறுவது.

இவை இருந்தாலே புற்றுநோய் என்று அர்த்தம் இல்லை. காசநோய், தைராய்டு கோளாறு, சாதாரண மூட்டு அழற்சி என்று வேறு காரணங்களும் இருக்கலாம். காரணத்தைத் தேடாமல் விட்டுவிடக் கூடாது என்பதுதான் செய்தி.

பயத்தில் நீங்களாகவே லேபுக்குப் போய் 'கேன்சர் மார்க்கர்' பேக்கேஜ் எடுப்பதும் வேண்டாம். சாதாரணக் காரணங்களாலும் அந்த எண்கள் ஏறும். நோய் இருந்தும் ஏறாமல் இருக்கும். வீண் செலவு, வீண் பயம் அல்லது வீண் நிம்மதி என மூன்றில் ஒன்றுதான் மிஞ்சும். மருத்துவர் நேரில் பார்த்து, முழு ரத்தப் பரிசோதனை, நெஞ்சு எக்ஸ்ரே, வலிக்கும் எலும்பின் எக்ஸ்ரே என்று எளிமையாகத் தொடங்கி, தேவைப்பட்டால் சி.டி. ஸ்கேனுக்குப் போவதுதான் முறை. மூட்டு, தசை, இணைப்புத் திசு நோய்களுக்கென்று 'ருமட்டாலஜிஸ்ட்' என்ற சிறப்பு மருத்துவர் இருக்கிறார். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இதற்குத் தனித் துறையே உண்டு.

போகும்போது நான்கு விஷயங்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வலி எப்போது தொடங்கியது, எந்த மூட்டில்? ஆறு மாதத்துக்கு முன் எடை எவ்வளவு, இப்போது எவ்வளவு? பீடி, சிகரெட், புகையிலை எத்தனை வருடம்? உங்களுக்கோ ரத்த உறவுகளுக்கோ முன்பு புற்றுநோய் வந்ததுண்டா? இதுவரை சாப்பிட்ட மாத்திரைகளின் அட்டையையும் எடுத்துப் போங்கள். பெயர் தெரியாத பொடி சாப்பிட்டிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். பாதி நோயை ஸ்கேனைவிட இந்தத் தாள் சீக்கிரம் காட்டிக்கொடுக்கும்.

கடைசியாக, வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அம்மா இரண்டு மாதமாகக் கையை ஊன்றித்தான் எழுகிறாள், அப்பாவின் மோதிரம் விரலில் இறுகுகிறது, பேத்தி மாடி ஏற அடம்பிடிக்கிறாள்... இதையெல்லாம் முதலில் கவனிப்பது வீட்டு ஆட்கள்தான். வலிக்கிறவர் பெரும்பாலும் 'ஒண்ணுமில்லை' என்றுதான் சொல்வார். நீங்கள் 'எதுக்கும் ஒரு தடவை காட்டிடலாம்' என்று சொல்லி, கூடவே கிளம்புங்கள்.